மழை விடட்டும் என்றிருந்த மத்தியானம்

ஐம்பத்திரண்டு வயதில், நெஞ்சுவலி வந்தபின், தபால் கந்தோர் வேலையை விட்டு முன்னதாகவே பென்சன் எடுத்தேன். அது எழுபதுகளின் நடுப்பகுதி. அந்தப் பென்சன் இரண்டு பேர் சாப்பிடப் போதும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் வாடகையும் கொடுக்கக் காணாது. மனுக்களும் படிவங்களும் எழுதிக்கொடுத்து மிச்சத்தைச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

நல்லூரில் பார்த்த வீட்டுக்கு ஒரு வருட முற்பணம் கேட்டார்கள். சாவகச்சேரி வீட்டு முற்றத்தில் மாரி முழுக்க வெள்ளம் நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிட்டார்.

"ஏனப்பா, தீவுப் பக்கம் பார்த்தால் என்ன?" என்றாள் மனைவி. "மீன் மலிவு, பஸ்ஸும் இருக்கு. நீங்கள் முந்தி வேலை செய்த இடம்தானே."

"அங்கை கிணறெல்லாம் உவர்த்தண்ணி" என்றேன்.

அது சாட்டு. உண்மைக் காரணத்தை நான் அவளுக்கும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், அந்தத் தீவில், நாரந்தனைக்கு அப்பால் ஒரு சிற்றூர்த் தபால் கந்தோரில் சில மாதம் பதில் கடமை பார்த்தேன். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு தந்தி வந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் கடுமையாக இருக்கிறார், மனைவி உடனே புறப்படவும் என்று. தந்தி கொடுக்கிறவர் அன்று லீவு. நான்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே மழை ஊற்றியது. விடட்டும் என்றிருந்தேன். சாப்பிட்டேன். கதிரையிலேயே கண்ணயர்ந்தேன். இரண்டு மணி பஸ்ஸின் சத்தத்தில்தான் விழித்தேன். அதில் போயிருந்தால் அன்றைய கொழும்பு மெயில் ரயிலைப் பிடித்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். மழை கடைசிவரை விடவில்லை. நாலரை மணிக்கு நனைந்துகொண்டே போய்க் கொடுத்தேன்.

அந்தப் பெண் மறுநாள் மெயிலில்தான் போனார். போய் இறங்கியபோது புருஷன் செத்து ஒரு இரவு கழிந்திருந்தது. ஒருநாள் முந்திப் போயிருந்தால் அந்தக் கடைசிப் பகலில் உயிரோடு முகத்தைப் பார்த்திருப்பார்.

வேறு வீடு அமையாததால் கடைசியில் அதே தீவிலுள்ள ஊர்காவற்றுறைக்குப் போனோம். இது வேறு ஊர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தரகர் காட்டிய வீட்டில் இரண்டு அறை, சமைக்கக் குசினி, நல்ல தண்ணீர்க் கிணறு. சொந்தக்காரி பின்பக்கத்து அறையில் தனியாக இருந்தார். நரைத்த தலை. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"போஸ்ட் மாஸ்டர் ஐயாவோ?"

நான் தந்தி கொடுத்த அதே பெண்தான்; அந்த ஊரை விட்டு இங்கே வந்திருந்தார். அவரோ மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, உம்மடை மனிசன் தங்கமான ஆள். அண்டைக்கு அந்த மழைக்குள்ளை தெப்பமா நனைஞ்சு தந்தியோடை வந்தவர். வேறை ஆரும் எண்டால் அடுத்த நாள்தான் கொண்டு வந்திருப்பினம்."

வாடகையைப் பாதியாகக் குறைத்தார். மனைவியின் முகத்தில் அப்படியொரு பெருமை. நான் அந்த வாடகைக்கே சம்மதித்தேன்.

குடிவந்தோம். பின்னறைச் சுவர் ஒழுகுகிறது என்று வீட்டுக்கார அக்கா செத்த புருஷனின் படத்தை எங்கள் கூடத்திலேயே விட்டிருந்தார். நான் ஒருநாளும் கண்டிராத மனிதர். மனு எழுத உட்கார்ந்தால் அவர் எதிரே இருந்தார். மேசையைத் திருப்பிப் போட்டேன். அப்போது அவருடைய பார்வை முதுகில் உறைத்தது. எழுதுவிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்த அக்கா மழைக் கதையைச் சொன்னார். அதை நம்பியே ஆட்கள் கூடினார்கள். அந்த வீட்டில் நான் ஒரு மத்தியானமும் கண்ணயரவில்லை.

இரண்டாவது மாரியில், கதை கேட்ட ஒருவர் எழுந்து போனபின், சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தத் தந்தி காலமை பத்து மணிக்கே வந்திட்டுது. மழை விடட்டும் எண்டு நான்தான் வைச்சிருந்தனான்."

"ரெண்டு மணி பஸ்ஸுக்கு முன்னமோ?"

"ஓம்."

"இதை ஏன் இப்ப சொன்னனீங்கள்? ஆராலும் ஏலாமல்தான் அப்பிடி நடந்தது எண்டு நான் ஆறிக் கிடந்தனான். இனி எப்பிடி ஆறுறது?"

குசினி வாசலில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு சாமான் கட்டத் தொடங்கினாள். அதைக் கண்டு அந்த அக்கா வந்தார்.

"போக வேண்டாம். போனால் இதை நான் ஆரோடை கதைக்கிறது?"

அதன்பின் சில மத்தியானங்களில் வந்து கதிரையில் இருப்பார். தந்தியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பார். பதினொரு மணிக்கு என்ன செய்தேன், என்ன கறியோடு சாப்பிட்டேன் என்று கேட்பார். குரலில் கோபம் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த நாள் நேற்றுப்போல் ஆயிற்று. அவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஐந்து வருடம் இப்படிப் போனது.

ஒருநாள் புதிதாக ஒன்று கேட்டார்.

"அந்த நித்திரையிலை கனவு ஏதும் கண்டனீங்களோ?"

"இல்லை அக்கா. நல்ல நித்திரை."

தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அடுத்த மாரிக்கு அவர் இல்லை. வீடும் வளவும் அவருடைய தங்கையின் மகளுக்குப் போயின. அந்தப் பிள்ளை வாடகையைக் கூட்டவில்லை. நாங்களும் வேறு ஊர் பார்க்கவில்லை.