ஜன்னலைத் திறக்கச் சொன்ன டொக்டர்

பிலிமத்தலாவையில் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது கண்டிக் குழந்தை வார்டிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் அழைத்தார். "செல்வராஜ் அண்ணே, நம்ம பத்மாசனி டொக்டர் போயிட்டாங்க" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைச் சத்தம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இறுதிக் கிரியை யாழ்ப்பாணத்தில் நடந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை.

பிறந்த குழந்தைகளின் சாவைக் குறைக்க நாடு முழுவதும் வேலை செய்யும் வைத்தியர் சங்கத்தில் அவர் தூணாக இருந்தார். அந்தச் சங்கம் வெளியிடும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். டொக்டர்மார் எழுதும் மலரில் அம்பியூலன்ஸ் டிரைவருக்கு என்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, இந்தக் கதை எனக்கும் ஒரு பெண்ணுக்கும் மட்டுமே முழுதாகத் தெரியும் என்பது ஞாபகம் வந்தது.

சில வருடங்களுக்கு முன்னர் நான் மலைப்பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒருநாள் காலை, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் கலைச்செல்விக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நல்ல பனிமூட்டம். குழந்தை துணியில் சுற்றித் தாயின் மடியில் கிடந்தது. நாலு வளைவு தாண்டுவதற்குள் தாய்க்கு வாந்தி. "அண்ணே, ஜன்னலக் கொஞ்சம் தொறங்க, முடியல" என்றாள். பாவம், பச்சை உடம்புக்காரி என்று இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. கண்டியில் கதவைத் திறந்தபோது குழந்தை குளிர்ந்துபோயிருந்தது. மறுநாள் இறந்துவிட்டது.

குழந்தை ஒன்று இறந்தால், ஏன் இறந்தது என்று எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசும் வழக்கத்தைச் சங்கம் கொண்டுவந்திருந்தது. யாரையும் குற்றம் சொல்வதற்கல்ல என்பார்கள். அதை யார் நம்பினார்கள்? வேலை போய்விடும் என்று பயந்தேன். "வழியில ஏதும் நடந்ததோ?" என்று கண்டி வார்டுக்குப் பொறுப்பான பத்மாசனி டொக்டர் அந்தக் கூட்டத்தில் கேட்டார். "ஒண்ணுமில்ல டொக்டர்" என்று கண்ணைப் பார்த்தே பொய் சொன்னேன்.

அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து வண்டியருகே நின்றார். கையில் துணி சுற்றிய சுடுதண்ணிப் பை, ஒரு தர்மோமீட்டர். "செல்வராஜ், அண்டைக்குப் பிள்ளையோட வந்த பாதையால என்னை ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ. அதே வேகத்தில ஓடுங்கோ" என்றார். பின்னால் ஏறி, அந்தத் தாய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, குழந்தைக்குப் பதிலாக அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய டொக்டர்!

கலஹா தாண்டியதும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "தலை சுத்துது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கோ" என்றார்.

என்னால் முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் இறங்கி, தேயிலைச் செடியோரம் வாந்தியெடுத்து, வாயைக் கழுவிக்கொண்டு வந்தார். "இருவது வருசமாப் பிள்ளையளோட அனுப்புற கடிதம் எழுதுறம், செல்வராஜ். பிள்ளையின்ட நிறை எழுதுவம், குடுத்த மருந்து எழுதுவம். வண்டி ஓட்டுறவருக்கு ஒரு வரி எழுதினதில்லை" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சங்கத்தின் கூட்டம் கண்டியில் நடந்தபோது என்னை முன்வரிசைக் கதிரையில் உட்காரவைத்தார். மேடையேறி, "இந்தப் பிள்ளையின்ட சாவுக்கு நான் பொறுப்பு" என்று தொடங்கினார். என் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அம்பியூலன்ஸ்களில் அந்தத் தாள் ஒட்டப்பட்டது: குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து மூடுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், தாய்க்கு வாந்தி வந்தால் வண்டியை நிறுத்துங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அதை எழுதும்போது என்னிடம்தான் வாசித்துக் காட்டி, விளங்குதா என்று கேட்டார்.

எனக்கு மனம் லேசாகிவிட்டது. அவருக்கு ஆகவில்லை. "கலைச்செல்விக்கு ஆர் சொல்லுறது?" என்று ஒருநாள் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனோம். நான் வாசலில் நின்றபடியே, "தங்கச்சி, அன்னிக்கு ஜன்னலத் தொறந்தது நான்தான். அந்தக் குளிருலதான் புள்ளைக்கு…" என்றேன்.

அவள் என்னை அப்படியே பார்த்தாள். "தொறக்கச் சொன்னது நான்தானே அண்ணே. எம்புள்ளய நானே கொன்னுட்டேன்னு இத்தன மாசமா மனசுக்குள்ளயே வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல."

என் வேலை, என் பயம் என்று நான் திரிந்த நாளெல்லாம் இவள் இதைச் சுமந்திருக்கிறாள். டொக்டர் இதைத் தெரிந்துதான் என்னைக் கூட்டிவந்திருக்கிறார். அவர் சேலையோடு தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லைப் பிள்ளை. உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்ச நாங்கள் சொல்லேல்லை."

பிறகு, "மகள் ஆரைப் போல இருந்தவ?" என்று கேட்டார்.

கலைச்செல்வி திகைத்துப்போனாள். அதை அதுவரை ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. "என்னைய மாதிரித்தான் டொக்டரம்மா. நெத்தி மட்டும் அவரு" என்று ஆரம்பித்தாள். விரல் நீளத்தைச் சொன்னாள், கொட்டாவி விட்டதைச் சொன்னாள். ஒரேயொரு நாள் இருந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு அவளிடம் அவ்வளவு இருந்தது. டொக்டர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள், டொக்டர். அங்கே அந்தச் சின்னவளைக் கண்டால், அவளுடைய அம்மா இப்போது அவளைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறாள் என்று சொல்லுங்கள்.