ஏகாதசி தள்ளிப்போன டிசம்பர்

எங்கள் வீட்டில் வியாபாரம் படுத்துவிட்டால் அதற்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும். ஆடி மாதம், பரீட்சை நேரம், மழை பெய்தது, மழை பெய்யவில்லை. நாங்கள் பாலக்கரையில் பேக்கரி நடத்தும் கிறிஸ்தவக் குடும்பம். ஸ்ரீரங்கத்திலும் ஒரு கிளை இருப்பதால் பைபிளுக்கு அடுத்தபடியாக வீட்டில் அதிகம் புரட்டப்படுவது பஞ்சாங்கம்தான். அங்கே முட்டை சேர்க்காத கேக்கும் ரொட்டியும் பன்னும் மட்டுமே விற்போம்.

அப்பா ஓய்வெடுத்துக்கொண்டபோது மொத்த நிர்வாகத்தையும் என் கையில் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணனுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கம் கிளை மட்டும் தன் பொறுப்பில் இருக்கட்டும் என்று கேட்டார். படிப்பு முடித்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கும் கடை அது. சரி என்றேன்.

பாலக்கரை, ஸ்ரீரங்கம், துறையூர் என்று எல்லாக் கடைகளின் பழைய, புதிய பில்களையும் ஒரே திரையில் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினேன். போன வருடத்தின் அதே மாதத்தைவிட விற்பனை ஏறினால் பச்சை அம்பு, இறங்கினால் சிவப்பு. டிசம்பர் முடிந்ததும் பார்த்தோம். கிறிஸ்துமஸ் புண்ணியத்தில் பாலக்கரைக்குப் பச்சை, துறையூருக்கும் பச்சை, ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் நல்ல சிவப்பு. சாஃப்ட்வேரை விற்ற சென்னைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இந்தக் கிளை வேணுமான்னு நீங்க யோசிக்கணும் மேடம்" என்றார்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், போன வருஷம் வைகுண்ட ஏகாதசி டிசம்பர்ல வந்துச்சு. இந்தத் தடவை ஜனவரிக்குப் போயிடுச்சு. மொதல்ல உங்க மெஷினுக்கு ஒரு பஞ்சாங்கம் வாங்கிக் குடுங்க."

நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னது உண்மைதானே. ஏகாதசியை ஒட்டிய நாட்களில் ஸ்ரீரங்கத்துக்கு வரும் கூட்டத்தில் விரதக்காரர்கள் எங்களிடம் எதுவும் வாங்க மாட்டார்கள். கூட வந்தவர்களும் குழந்தைகளும் வாங்குவார்கள். அந்தக் கூட்டம் இங்கிலீஷ் தேதி பார்த்து வருவதில்லை. பாவம், சென்னைக்காரர் லேப்டாப்பை மூடிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

ஜனவரி முடிந்தபோது ஸ்ரீரங்கத்துக்குப் பெரிய பச்சை அம்பு. அண்ணன் அதை போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார். மறுநாளே பாலக்கரைக்கு வந்து, "நம்ம ஸ்ரீரங்கம் கடைக்குப் பக்கத்துக் கடை காலியாவுது பாப்பா. ரெண்டையும் சேத்து எடுத்துட்டா உக்காந்து சாப்பிடுற மாதிரி பண்ணிடலாம்" என்றார். நீண்ட காலக் குத்தகை. அந்த வருடம் எங்களால் ஒரு பெரிய செலவைத்தான் தாங்க முடியும். அரியமங்கலத்தில் எங்கள் சரக்கு தயாராகும் கூடத்தில் பழைய ஓவன் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதை மாற்றுவதா, பக்கத்துக் கடையை எடுப்பதா என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

கையெழுத்துப் போடுகிற மனநிலையில்தான் இருந்தேன். அப்புறம் ஒரு விஷயம் உறுத்தியது. டிசம்பர் இறங்கியதற்கு ஏகாதசி காரணம் என்றால், ஜனவரி ஏறியதற்கும் அதே ஏகாதசிதானே காரணம்? இறக்கத்துக்குப் பெருமாளைக் காட்டிவிட்டு ஏற்றத்துக்கு நாம் மாலை போட்டுக்கொள்வது என்ன நியாயம்?

மாதத்தை விட்டுவிட்டு ஏகாதசிக்கு ஏகாதசி ஒப்பிட்டுக் காட்ட முடியுமா என்று சென்னைக்காரரிடம் போனில் கேட்டேன். அந்த வசதி இல்லை என்றார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததாக எனக்குப் பட்டது. இதற்கெல்லாம் ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். மாவு பிசைய ஆள் போடலாம். பதம் பார்க்கத் தெரியாமல் பேக்கரி நடத்த முடியாது. பள்ளிக்கூடக் கணக்கோடு நின்றுபோன மூளையை வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்து ஸ்ப்ரெட்ஷீட் கற்றுக்கொண்டேன். என் மகள் எனக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டாள். நான் கத்துவேனாம்.

பழைய தினசரி காலண்டர்களைத் தேடி எடுத்து, ஸ்ரீரங்கம் கடையின் ஒவ்வொரு நாள் விற்பனைக்குப் பக்கத்திலும் அது ஏகாதசிக்கு முந்தைய பகல் பத்தா, பிந்தைய இராப் பத்தா, தேரா, சாதாரண நாளா என்று குறித்தேன். நெட் போன நாட்களின் பில்லை மொத்தமாக மறுநாள் ஏற்றியிருந்தார்கள். அதையெல்லாம் பிரித்துச் சரி செய்தேன். பிறகு ஒவ்வொரு வருடத்து ஏகாதசியையும் ஒரே இடத்தில் வைத்து, கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரையச் சொன்னேன்.

ஒவ்வொரு வருடத்துக் கோடும் அதற்கு முந்தைய வருடத்துக்குக் கீழே இருந்தது. ஏகாதசிக் கூட்டம் மெதுவாகக் குறைந்திருந்தது. விசேஷம் எதுவும் இல்லாத செவ்வாய், புதன்களில்தான் அடி பலம். தினமும் ரொட்டி வாங்கும் உள்ளூர்க்காரர்கள் விலகிப் போயிருந்தார்கள். திருவிழா எங்கள் கண்ணை மறைத்திருந்தது. சென்னைக்காரரின் சிவப்பு அம்பு ஒப்பிட்ட விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி. அதை எடுத்தெறிந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்பது எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்க அது வசதியாக இருந்தது. அவர் எனக்குத் தம்பியாக இருந்திருந்தால் திட்டிவிட்டு ஆரம்பித்திருப்பேன். அண்ணனிடம் முடியாது.

கடையில் அவர் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. லேப்டாப்பைக் கல்லா மேஜையில் திறந்து வைத்தேன். எந்தக் கோடு எந்த வருடம் என்று மட்டும் சொன்னேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறுப்பார், நெட் போன நாட்களைச் சொல்லுவார் என்று பதில்களோடு தயாராக இருந்தேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாம என்ன. வடக்குச் சித்திரை வீதியிலேர்ந்து யார் யார் வர்றத நிறுத்தினாங்கன்னு பேரோட சொல்லுவேன். பிள்ளைங்ககிட்ட வெளியூர் போனவங்க பாதி. மீதிப் பேரு போன்ல வரவழைச்சுக்கிறாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப எதுக்கு ஏகாதசி கதை சொன்னீங்க? பக்கத்துக் கடையை எதுக்குக் கேட்டீங்க? தெரிஞ்சே நம்ம பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டணுமா?"

அண்ணன் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"பெருசாக்கிட்டா நீ மூட மாட்டேல்ல பாப்பா" என்றார்.

திரையில் வந்த ஒவ்வொரு சிவப்பு அம்புக்கும் அவர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். நான் அவர் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்துக் கடை வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, வருவதை நிறுத்தியவர்களை நேரில் போய்ப் பார்ப்பதென்றால் வடக்குச் சித்திரை வீதியில் யார் வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டேன். அவர் துணியை மேஜை மேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.