இரண்டு கையும் மேலே

டில்லரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுத் தோட்டங்களில் மண் கிளறிக் கொடுப்பதுதான் பிழைப்பு. பேக்கிங் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும், சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பழைய டில்லர் மெஷின் ஒன்றை வாங்கி ஓட்டப் பழகிக்கொண்டவள். ஆள் ஒல்லி, பிடி மட்டும் உடும்புப் பிடி. இடுப்பு வலிக்காரரான கணவரால் வண்டி தள்ள முடியாது. வாய்க்கு ஒரு வலியும் இல்லை. ஓட்டுவது அவள், ஓனர் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. உருப்படாத வழக்கம். கைப்பிடியில் இருக்கும் லிவரை அழுத்தினால் கத்திகள் சுற்றும், விட்டால் நிற்கும். வேர் சிக்கிக்கொண்டால் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி கிளப்பக் கயிற்றை இழுத்துச் சாக வேண்டுமே! அவள் லிவரை விட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவாள். அவர் குனிந்து வேரை அறுத்து எடுப்பார். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்ற கொழுப்பு.

அன்றைக்கு ஒரு பல் டாக்டர் வீட்டுப் பின்பக்கம். உறை போட்ட கைக்கு லிவர் பஞ்சு மாதிரி இருந்தது. தினமும் விரலைக் கொல்லும் லிவருக்கு இன்றைக்கு என்ன வந்தது? திருப்பத்தில் கையை எடுத்தாள். வண்டி தன்பாட்டுக்கு முன்னே போனது. மண் சரிவோ என்னவோ என்று ஓடிப்போய்ப் பிடித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

கொஞ்ச தூரத்தில் பழைய கொடி வேர் ஒன்று கத்திகளை இறுக்கி நிறுத்திவிட்டது. அவள் கைகளைத் தூக்கினாள். அவர் அரிவாளோடு குனிந்தார். லிவரை விட்டால் இன்ஜின் இளகி ஓட வேண்டும். இதுவோ முக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே பெல்ட் ரப்பர் கருகும் வாடை வேறு. ஏதோ தப்பு, என்ன தப்பு? யோசிக்க நேரமில்லை. பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள்.

எதற்கு அணைத்தாய், இனி யார் கயிறு இழுப்பது என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் உறையைக் கழற்றி லிவரைத் தடவிப் பார்த்தாள். அழுத்திய லிவர் மேலே எழும்பவே இல்லை. சைக்கிள் டியூபில் வெட்டிய கறுப்பு வளையம் ஒன்று அதை அமுக்கிப் பிடித்திருந்தது. அந்த வேர் அறுந்திருந்தால் கத்திகள் அவர் விரல்களோடு சுற்றியிருக்கும்.

"இதை யாருங்க மாட்டுனது?"

"நான்தான். கை மரத்துப்போகுதுன்னு ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தியே. ஒரு தடவ அழுத்துனா அப்படியே நிக்கட்டுமேன்னு மாட்டுனேன்."

"மாட்டுனது நீங்க. தெரிஞ்சும் உள்ள கைய விடப் போனீங்களா?"

அவர் கத்திகளைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். அவருக்கே விளங்கவில்லை.

"உன் கை ரெண்டும் மேல இருந்துச்சே. அப்புறம் நான் எதப் பாக்கணும்?"

இந்த மனுஷனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா? இரண்டும் செய்யாமல் வளையத்தை அறுத்து வீசினாள். இன்ஜின் கிளம்பவே முடியாதபடி பிளக் வயரைப் பிடுங்கித் தொங்கவிட்டாள்.

"இனிமே என் கையப் பாக்காதீங்க. வயர் இப்படித் தொங்குனாத்தான் தொடணும்."

சரி என்று தலையாட்டினார். மறுபடி வேரை அறுக்கக் குனிந்தார். குனியும் முன் அவர் கண் அவள் கைகளைத்தான் தேடியது.