உம்மாவின் மூன்று வைட்டமின் டப்பாக்கள்

இன்று காலை உம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு திருத்துறைப்பூண்டியில் டாக்டரைப் பார்த்தோம்.

ஊரில் எல்லோருக்கும் வைட்டமின் டி குறைவு என்றுதான் வரும். உம்மாவுக்கு அளவைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

"மாத்திரை எப்புடிம்மா சாப்புடுறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி வாரம் ஒண்ணுதான் சார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தார். துபாய், தோஹா, குவைத். என் தம்பிகள் மூவரும் ஆளுக்கொன்றாக அனுப்பியவை. ஒவ்வொன்றிலிருந்தும் வாரம் ஒன்று!

"மூணும் ஒரே மருந்துதாம்மா!"

"தெரியும் சார். ஒரு புள்ள அனுப்புனத மட்டும் முழுங்கிட்டு மத்தத மூடி வச்சா, அவனுங்க மனசு கஷ்டப்படாதா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது கூடிப்போனா ரத்தத்துல கால்சியம் ஏறும், கிட்னிக்கு ஆகாது. இப்போதைக்கு மூணையும் நிறுத்துங்க. கால்சியமும் டெஸ்ட் பண்ணிடுவோம்."

வீட்டுக்கு வந்ததும் அக்காவான நான் தம்பிகள் மூவரையும் ஒரே வீடியோ காலில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். பதறுவார்கள் என்று பார்த்தேன். பதறத்தான் செய்தார்கள்.

"லாத்தா, டாக்டர் முதல்ல யாரு டப்பாவ நிறுத்தச் சொன்னாரு?"

உம்மாவைக் குறை சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் எத்தனை டப்பா?