ஓசாகா மரமும் முகப்பு இருசப்பனும்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பிழைக்க வந்த இருசப்பனுக்கு ஊர் வைத்த பெயர் ‘முகப்பு’ இருசப்பன். பந்தல்காரர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் கார்த்திகை தீபத்தையொட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் போடும் பொருட்காட்சிக்கு ஒன்பது வருஷமாக முகப்பு கட்டியது அவன் ஒருவன்தான். ஒன்பது வருஷமும் ஒரே முகப்பு: சவுக்குக் கம்பும் மூங்கில் பிளாச்சும் வண்ணத் துணியுமாக ஐந்து நிலைக் கோபுரம். நிஜக் கோபுரம் கூப்பிடு தூரத்தில் நிற்கிற ஊரில் துணிக் கோபுரம் எதற்கு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நல்ல தொழில்காரன், அதில் சந்தேகமே வேண்டாம். மலையடிவாரத்துக் காற்றுக்கு அவன் நட்ட கம்பு இம்மியும் அசையாது. ஆனால் பொறாமைக்காரன். சொல்லக் கூடாதுதான், சொல்லாமல் விட்டால் இது அவன் கதையே இல்லை. இன்னொரு பந்தல்காரன் கட்டிய கல்யாணப் பந்தல் நன்றாக இருந்துவிட்டால் போதும், அந்த வீட்டுப் பந்தியில் பாதி இலையில் எழுந்துவிடுவான். “சாம்பார்ல உப்பு ஜாஸ்தி” என்பான். உப்பு எங்கே ஜாஸ்தி என்று அவன் மனைவி எல்லம்மாளுக்குத் தெரியும்.

1972-ல் நேமிநாதன் ஊருக்குத் திரும்பினான். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஒரு காலத்தில் இருசப்பன் போட்ட பந்தல்களில் டியூப்லைட் கட்டியவன். பிறகு கப்பலில் எலக்ட்ரீஷியனாகப் போனான். போனவன் போன இடத்திலேயே இருந்திருக்கலாம். வந்தான், வந்ததோடு ஒரு படப் புத்தகத்தையும் கொண்டு வந்தான்.

1970-ல் அவன் கப்பல் ஜப்பானில் ஓசாகா துறைமுகத்தில் பன்னிரண்டு நாள் நின்றதாம். அங்கே அப்போது உலகப் பொருட்காட்சி. ஒவ்வொரு தேசமும் தனக்கென்று ஒரு அரங்கு கட்டி, நீ பெரியவனா நான் பெரியவனா என்று நின்றிருக்கிறது. இவன் விடுப்புக் கிடைத்தபோதெல்லாம் போய் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறான். அந்தப் படங்களைப் பொருட்காட்சிக் குழுத் தலைவர் கோதண்டராமனின் அரிசி மில்லில் வைத்து அவன் காட்டிய அன்று இருசப்பனும் அங்கே இருந்தான்.

“இது ரஷ்யாக்காரன் கட்டினது. அங்க இருந்ததுலயே இதான் ஒசரம். இது அமெரிக்காக்காரன் அரங்கு. மேல இருக்கறது துணிக் கூரை. உள்ள காத்தடிச்சே நிறுத்தியிருக்கான். நடுவுல ஒரு கால் கெடையாது” என்றான் நேமிநாதன்.

இருசப்பனுக்குச் சுருக்கென்றது. பந்தக்கால் நட்டுப் பிழைக்கிறவனிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது?

“காலில்லாம பந்தலா? இன்னாப்பா, கப்பல்ல போனவன் வாய்க்கு வந்ததெல்லாம் அளக்கறே!”

“படத்தப் பாருங்கண்ணா.”

பார்த்தான். கால் இல்லைதான். வயிறு எரிந்தது. இவன் இங்கே கடப்பாறையால் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது எவனோ காற்றால் பந்தல் போட்டிருக்கிறான், அதை இந்தப் பொடிப்பயல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்!

அடுத்த பக்கத்தில் ஸ்விட்சர்லாந்து. கட்டடத்தைத் தாழ்வாக வைத்துவிட்டு, அதன் முன்னால் உலோகத்தில் ஒரு பெரிய மரம். கிளையெல்லாம் பல்பு, முப்பதாயிரத்துக்கு மேல். கோதண்டராமன் எழுந்தே நின்றுவிட்டார்.

“இந்த வருசம் நம்ம முகப்புக்கு இதான்யா! நேமி, நீ மரத்தப் போடு. இருசப்பா, கம்பு நட்றது மட்டும் உன் வேல.”

கம்பு நடுவது மட்டும். ஒன்பது வருஷம் முகப்பு கட்டியவனுக்கு! அன்று இருசப்பன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

“முடியாதுன்னு சொல்லிட்டு வர்றதுதானே?” என்றாள் எல்லம்மாள்.

“நான் முடியாதுன்னா வேற எவனாவது நடுவான். என் குழிய எவனோ தோண்டறதா?”

ஆக, அவனே தோண்டினான். நாற்பதடிச் சவுக்கு மரம் நடுவில், சுற்றிலும் கிளைக்குக் கம்புகள். நேமிநாதனுக்குப் பல்பு தெரியும், வயர் தெரியும். கம்பு எந்தப் பக்கம் சாயும் என்பது சுட்டுப்போட்டாலும் வராது. கிளைக் கம்பை நானே நட்டுப் பார்க்கிறேன் என்று அவன் படத்தைப் பார்த்து நட்ட முதல் கிளை ராத்திரிக் காற்றுக்கே படுத்துவிட்டது. விழுந்து கிடந்ததைப் பார்த்த இருசப்பனுக்கு அன்று காலையில் இட்லி இரண்டு கூடுதலாக இறங்கியது. ஆனாலும் தொழில் சும்மா இருக்க விடுமா? அவனே மறுபடி ஆழம் பார்த்து நட்டு, முட்டுக் கொடுத்து, கயிறு இழுத்துக் கட்டினான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நேமிநாதன் தோளைத் தட்டினார்கள். ஒரு பயல் கம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தீபத்தன்று சாயங்காலம். திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் அன்றைக்கு வீட்டில் அகல் ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் எவனும் விளக்கைத் தொட மாட்டான். முகப்பு மரமும் அப்படித்தான்: மலையில் சுடர் தெரிந்ததும் சுவிட்சைப் போட வேண்டும் என்று கோதண்டராமன் பத்துத் தடவை சொல்லியிருந்தார். வெளியூர்ப் பெரிய மனிதர்களெல்லாம் மைதானத்தில் வந்து நின்றாயிற்று.

பொழுது சாய்கிற நேரத்தில் நேமிநாதன் இருசப்பனிடம் வந்தான். சமண வீடுகளில் பொழுது போன பிறகு சாப்பிடுவதில்லை. கப்பலில்கூட அதை விடாமல் காப்பாற்றியவன்.

“அண்ணா, காலையிலேர்ந்து வயித்துல ஒண்ணும் போடல. பொழுது எறங்கறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடறேன். நான் வர்றதுக்குள்ள தீபம் ஏத்திட்டா நீங்களே சுவிட்சப் போட்டுடுங்க.”

பொறாமைக்காரன் கையில் சுவிட்சைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போன மனுஷனை என்ன சொல்ல!

இருசப்பன் சுவிட்சு இருந்த தகரப் பெட்டி முன்னால் தனியாக நின்றான். முதலில் வந்த நினைப்பு, இப்போதே போட்டுவிட்டால் என்ன என்பது. மலைக்கு முன்னால் மரம் எரிந்தால் ஊரே திரண்டு நேமிநாதனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும். கை சுவிட்சு வரைக்கும் போனது. நிமிர்ந்து மலையைப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான். அந்த அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை. அதற்கு ஒரு படி கீழே கெட்டவன். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சிறிது நேரத்தில் மலையில் சுடர் எழுந்தது. “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று மைதானமே கையைத் தூக்கிக் கும்பிட்டது. கும்பிட்டு முடித்த கூட்டம் முகப்புப் பக்கம் திரும்பியது. இருசப்பன் எல்லாரும் பார்க்கச் சுவிட்சைப் போட்டான். மரம் கரேலென்று நின்றது.

“எங்கய்யா அந்தக் கப்பல்காரன்? மானத்த வாங்கிட்டானே!” என்று கோதண்டராமன் கத்தினார்.

நேமிநாதன் கை கழுவிய ஈரத்தோடு ஓடி வந்தான். பெட்டிக்குள் ஒரு பார்வை, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனுக்கு எவ்வளவு நேரமாகும்? பிறகு இருசப்பனின் சட்டைப் பையைப் பார்த்தான். மெல்லிய வெள்ளைச் சட்டை. உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது.

நேமிநாதன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பெட்டியை மறைத்தாற்போல் நின்றான். “பியூஸ் போயிருக்கு. என் கை ஈரமா இருக்குதுண்ணா, நீங்களே போடுங்க” என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னான்.

அந்த மறைவில் இருசப்பன் பையிலிருந்ததை எடுத்துப் பெட்டியில் செருகினான். மரம் குப்பென்று பற்றிக்கொண்டாற்போல் எரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. “நல்லவேள, நீ இருந்தே!” என்று கோதண்டராமன் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவர் தோளுக்கு மேலே அந்த மரத்தைப் பார்த்தான் இருசப்பன். பாவி, எவ்வளவு அழகாக இருந்தது!

நாளைக்குச் சொல்லிவிடுவான், நாளன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று இருசப்பன் பயந்துகொண்டே இருந்தான். நேமிநாதன் மூச்சு விடவில்லை. அடுத்த வருஷம் ரஷ்ய அரங்கின் படத்தோடு வாசலில் வந்து நின்றான். “அண்ணா, இதுக்குக் கம்பு எப்படி நடலாம்?” என்றான். உள்ளேயிருந்த எல்லம்மாளிடம் அப்போதுதான், இந்த வருஷம் முடியாது என்று சொல்லிவிடப் போவதாக இருசப்பன் சபதம் செய்திருந்தான். ஆனாலும் கடப்பாறையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

அதற்கடுத்த வருஷம் ஜப்பான் அரங்கு, பூவிதழ் மாதிரி ஐந்து வட்டம். அப்புறம் கனடா, அப்புறம் இன்னொன்று. புத்தகம் தீர்ந்தும் நேமிநாதன் தீரவில்லை. மற்றப் பந்தல்காரர்கள் கம்பு நட்டால் ஓசாகா இரண்டு நாளில் மைதானத்தில் படுத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். வருஷம் தவறாமல் பேர் அவனுக்கு, கையில் காய்ப்பு இவனுக்கு. பியூஸ் விஷயம் வெளியே வராமல் பிழைத்திருந்தால் போதும் என்று இருசப்பன் வாயை மூடிக்கொண்டு நட்டான். முகப்பு இருசப்பன் என்று கூப்பிடுவதை ஊர் எப்போதோ நிறுத்திவிட்டது.

1985-ல் ஒரு மத்தியானம் இருவரும் சாரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது இருசப்பனுக்கு அடக்க முடியவில்லை. தலை நரைத்துவிட்டது, இனிமேல் என்ன.

“நேமி, அன்னிக்கி நீ பாத்தே. பாத்தியா இல்லியா?”

“பாத்தேன்.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல? நான் பெரியவன்னா?”

நேமிநாதன் சிரித்தான். “சொல்லியிருந்தா ஊரு உங்கள ஒரு வருசம் திட்டியிருக்கும், அப்புறம் மறந்திருக்கும். நீங்களும் தொடச்சிப் போட்டுட்டு மறுபடி கோபுரம் கட்டப் போயிருப்பீங்க. எனக்கு யாருண்ணா இப்படிக் கம்பு நடுவாங்க? சொல்லாததாலதான் பதிமூணு வருசமா வர்றீங்க.”

இருசப்பன் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். எல்லம்மாளிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னான்: பியூஸ், சட்டைப் பை, பதிமூன்று வருஷம். அவள் அரிவாள்மணையை ஓரமாக வைத்தாள்.

“அடப்பாவி! உன்ன மாடு மாதிரி கட்டிப் போட்டிருக்கானே! கோவம் வரலியா உனுக்கு?”

இருசப்பன் முகம் பழையபடி சுண்டிக் கருத்திருந்தது; கல்யாணப் பந்தியில் பாதி இலையில் எழுகிற அதே முகம்.

“கோவத்த விடு எல்லம்மா” என்றான். “பியூஸப் புடுங்கத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவனுக்குப் பாரு, இன்னா மூளை! அந்த மூளை எனக்கில்லாம போச்சே.”