முத்துப்பிள்ளை சுமந்த மாதங்கள்

மூன்றாம் மாதத்திலேயே சேலைக் கொசுவம் இடுப்பில் நிற்கவில்லை. அதுதான் முதல் அறிகுறி. எனக்கோ அது பெருமையாக இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து முதல்முறையாகக் கர்ப்பமாகி, குளிக்காமல் இருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுப்பேன். தண்ணீர்கூடத் தங்கவில்லை. நாலாம் மாதம் பழுப்பு நிறத்தில் கசிவு தொடங்கியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெட்டப் புள்ள. அதான் இவ்வளவு பெருசு. போய்ப் படு."

படுத்தேன். ஐந்து நாளில் ரத்தம் கொட்டியது. என் கணவர் மாரிமுத்து என்னைத் தேயிலை லொறியில் ஏற்றி அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டியில் யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர் வயிற்றில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என் சிறுநீரை ஓர் ஆண் தேரைக்கு ஊசியில் ஏற்றினார்கள். கர்ப்பம் உண்டா என்று அப்போது அப்படித்தான் பார்ப்பார்கள். உண்டென்றால் சில மணி நேரத்தில் தேரையிடம் விந்தணு வெளிப்படும். என்னுடையதில் எவ்வளவு தண்ணீர் கலந்தும் வெளிப்பட்டதாம்.

"அப்ப புள்ள நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"பிள்ளை இல்லையம்மா. நஞ்சுக்கொடி மட்டும்தான் வளர்ந்திருக்கு. பிள்ளை உருவாகேல்லை."

அவர் பொறுமையாக விளக்கினார். கரு கருப்பையில் ஒட்டியதும், அதைச் சுற்றியுள்ள திசு ஒரு ஹோர்மோனை (ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தில் கலந்து இன்னோர் உறுப்பை ஏவும் பொருள்) அனுப்புகிறது. மாதவிலக்கு வராமல் தடுக்கும்படி சூலகத்துக்குச் சொல்வது அதுதான். அது சுரக்காவிட்டால் கரு தங்காது. என் உடம்பில் அது அளவுக்கு மீறிச் சுரந்தது. அதற்குரிய பிள்ளைதான் இல்லை. இதற்கு முத்துப்பிள்ளை (நஞ்சுக்கொடித் திசு நீர் கோத்த மணிகளாகத் திரளும் கர்ப்பம்) என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் அதைச் சுமந்தவராக இருக்க முடியாது.

வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். தாதி மூடிக்கொண்டு போன தட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ரத்தத்தில் ஊறிய சவ்வரிசி போல இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ரெண்டு வருஷம் பிள்ளை தங்கக் கூடாது. மிச்சம் கிடந்தா புற்றா மாறும். மாசா மாசம் சிறுநீர் அனுப்புங்கோ. ஹோர்மோன் திரும்ப ஏறினா எங்களுக்குத் தெரியும். ஆனா கர்ப்பமானாலும் அதேதான் ஏறும். எது எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது."

மாதம் ஒருமுறை மாரிமுத்து என் சிறுநீரைக் பழப்பாகு வந்த கோடியல் போத்தலில் அடைத்து ரயிலில் கண்டிக்குக் கொண்டுபோனார். பிள்ளைக் காம்பராவில், "அவ கையில புள்ளயக் குடுக்காதீங்க" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த வாரமே வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயா என்னைக் கொழுந்தெடுக்க மலைக்கு மாற்றினார்.

சுத்தம் செய்த மூன்றாம் மாதம் தேரை 'இல்லை' என்றது. நிம்மதியானோம். டாக்டரின் சொல்லை மீறினோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறை, ஒரே கம்பளி. இதே நிலையில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக வெட்கப்படாமல் எழுதுகிறேன். ஏழாம் மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. போத்தல் போனது. தேரை 'ஆம்' என்றது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். நடுவில் ரத்தம் பட்டது.

"நோய் எண்டுதான் நினைக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது. கருப்பையை எடுத்தால் நீங்கள் பிழைப்பியள்."

"புள்ளயா இருந்தா?"

"அதுவும் போகும்," என்றார் டாக்டர்.

மாரிமுத்து கைநாட்டு வைக்க மறுத்தார். "வெச்சா நான் கொலகாரன், பார்வதி."

எனக்கு எழுதத் தெரியும். நானே கையெழுத்துப் போட்டேன்.

எடுத்த கருப்பையைச் சோதித்த முடிவு பத்தாம் நாள் வந்தது. நோய்தான். பிள்ளையின் தடயம் எதுவும் இல்லை.

"நல்ல வேள, புள்ள இல்லயாம்," என்று மாரிமுத்து என் காலடியில் உட்கார்ந்து அழுதார். அந்த 'நல்ல வேள'யை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பிள்ளையாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் அப்போதும் ஏங்கினேன். இருந்திருந்தால் அதை என் கையெழுத்து கொன்றிருக்கும். தெரிந்தும் ஏங்கினேன்.

இந்த நோய் வந்தவர்கள் மாதப் பரிசோதனையை விடாதீர்கள். விட்டிருந்தால் இதை எழுத நான் இல்லை. "மனசத் தேத்திக்க" என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பு தேறியது. சூலகத்தை விட்டுவைத்ததால் மாதாமாதம் மார்பு கனக்கும், இடுப்பு வலிக்கும். பிறகு ஒன்றும் நடக்காது. உடம்பு எதற்கோ ஆயத்தமாகி, பாதியில் மறந்துபோவது போல இருக்கும். வருடங்களும் எனக்கு அப்படித்தான் போயின.

நாலைந்து வருடம் கழித்து, காய்ச்சலென்று தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனேன். புதிதாக வந்திருந்த மருத்துவச்சி சின்னப் பெண்.

"கடைசியா எப்பக்கா தூரமானீங்க?"

"மாரியம்மன் தேருக்கு மறுநாள்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். முகம் மலர்ந்தது. "அப்ப மூணு மாசமாச்சேக்கா!"

"இந்த வருசத்துத் தேர் இல்லம்மா," என்றேன்.