கம்பெனி பஸ் வரும் ஊர்

எனக்கு என்ன பிடிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து, சத்துவாச்சாரியில் இலவசமாகப் பயிற்சி தந்து வேலை வாங்கித் தரும் மையத்தில் சேர்ந்தபோது, டெஸ்ட் என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்டது. நோயாளியைக் கவனிப்பது பிடிக்குமா? ரிப்பேரான பொருளைப் பிரித்துப் பார்ப்பது பிடிக்குமா? செடி வளர்ப்பது பிடிக்குமா? அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் எல்லோரும் செடிக்கு மட்டும் 'பிடிக்காது' போட்டோம். பிடிக்கும் என்றால் மறுபடி கழனிக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான்.

பிரித்துப் பார்ப்பதற்கு நான் மனசார 'மிகவும் பிடிக்கும்' போட்டேன். வீட்டு மிக்ஸியைக் கழற்றிப்போட்டு அம்மாவிடம் வாங்காத திட்டு இல்லை.

டெஸ்ட் முடிவு வந்ததும் மையத்தின் ஆலோசகர் அக்கா என் தோளில் தட்டினார். "உனக்கு மெஷின் ரிப்பேருதான் கரெக்ட். மெயின்டனன்ஸ்ல போட்ருவாங்க பாரு."

அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வேலை ஒதுக்கும் நாளில் அதே அக்கா, டெஸ்ட் முடிவைப் பார்க்கக்கூட இல்லை. ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி: "உங்க ஊருக்கு எந்தக் கம்பெனி பஸ் வருது?" எங்கள் ஊருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் வரும். எனக்கு அங்கே தோல் தைக்கும் லைன். நர்ஸ் வேலைக்கே பிறந்தவள் என்று பெயர் வாங்கிய என் தோழிக்கும் அதே லைன்.

"எனக்கு மெயின்டனன்ஸ்னு சொன்னீங்களேக்கா?"

"அது பசங்களுக்கும்மா. நைட் ஷிப்டுல்லாம் வரும். உங்க வீட்ல உடுவாங்களா?"

"அப்ப அந்த டெஸ்ட்டு இன்னாத்துக்குக்கா?"

"அது ரூல்ஸ்மா. எல்லாருக்கும் வைக்கணும்."

ஆசை காட்டி மோசம் செய்வது என்பார்களே, அது இதுதான். ஒன்றும் கேட்காமல் பஸ் ஏற்றியிருந்தால் இப்படி வலித்திருக்காது. தையல் வேலையை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். அந்த அக்காவை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் பக்கத்து மெஷினுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். வந்ததும் என்னைப் பார்த்துத் தெரிந்தவள் போலச் சிரித்தாள். மையத்தின் வாசலில் என் படத்தைப் பெரிதாக வைத்து, 'விரும்பிய வேலை கிடைத்தது' என்று போட்டிருக்கிறார்களாம். டெஸ்ட் முடிவு வந்த அன்று எடுத்த படமாகத்தான் இருக்க வேண்டும்.

"அத பாத்துட்டுதான்க்கா சேந்தேன். எனக்கு வரையறதுதான் புடிக்கும்னு வந்துச்சி. எப்பக்கா டிசைன் செக்‌ஷனுக்கு மாத்துவாங்க?"

"மாத்த மாட்டாங்கம்மா."

அவள் நம்பவில்லை.

"அப்ப ஏன்க்கா நீ அந்தப் படத்துல அப்படி சிரிச்சிகினு நிக்கிற?"